மிஸ்ஸிப் படிப்பு (தாதியர் பயிற்சி): மூன்று வருஷத்தில் உண்மையாகவே என்ன பழகுகிறார்கள்?

வெற்றிலைக்கொடி | வெள்ளி, இரவு 8.40
மட்டக்களப்பு, களுதாவளையில் இருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினாள். மருத்துவ பீடத்துக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழகத் தெரிவுப் புள்ளி) எட்டவில்லை. இப்போது வீட்டில் காலை, மாலை ஒரே பேச்சு தாதியர் கல்லூரிதான். மகளுக்கு விருப்பம். மனைவிக்கும் விருப்பம். ஆனால் மனைவியின் தங்கை வந்து, "அது படிப்பில்லை, மறியல். ஹொஸ்டலில் அழாத பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனதில் இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்தப் பிள்ளை கோழி அறுக்கிற பக்கமே வராத பிள்ளை. படிப்பு அவ்வளவு கடுமையா? கடுமை என்றாலும் பரவாயில்லை, முடித்து வந்தால் உண்மையில் வேலை தெரிந்திருக்குமா? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம்வருடம் | வெள்ளி, இரவு 9.15
மாமா, நான் இப்போது அதற்குள்ளேதான் இருக்கிறேன். அழுவது உண்மை. எல்லாரும் அழுவோம், அப்புறம் சோறு தின்போம்.

விடிய 5 மணிக்கு எழும்ப வேண்டும். 7 மணிக்கு வாட்டில் நிற்க வேண்டும். சப்பாத்தில் அழுக்கு, கொண்டையில் ஒரு மயிர் வெளியே, இரண்டுக்கும் ஏச்சு. மத்தியானத்துக்குப் பிறகு வகுப்பு. உடற்கூறு, நுண்ணுயிர், மருந்தியல், மனநலம், சமுதாய சுகாதாரம், பிள்ளைப்பேறு என்று போகும். புத்தகம் இங்கிலீஷில், விளக்கம் தமிழில், நோயாளி சொல்வது வேறொரு தமிழில். இரவில் கேஸ் ஸ்டடி எழுத வேண்டும்.

ஆனால் எனக்குக் கடினமாக இருந்தது இதொன்றும் இல்லை. ப்ரொசீஜர் புத்தகம்தான். ஒவ்வொரு வேலையையும் இத்தனை தரம் செய்து காட்டினேன் என்று வாட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். வாட்டு அல்லோலகல்லோலமாக இருக்கும்போது புத்தகத்தை நீட்டினால் யார் போடுவார்கள்? கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவதை விட அதற்குக் கையெழுத்து வாங்குவது கஷ்டம்.

கோழி விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். முதல் கிழமை மயங்கி விழுந்த எங்கள் பட்ச் பிள்ளை இப்போது ஒபரேஷன் தியேட்டருக்குப் போகத்தான் முதலில் கை தூக்குகிறாள்.

இரவு_ட்யூட்டி | வெள்ளி, இரவு 11.52
அண்ணா, பதினொரு வருஷமாக வாட்டில் நிற்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் சரியான கேள்வி.

ஒரு நோயாளியை எப்படிப் பார்ப்பது என்று கல்லூரி மிக நன்றாகப் பழக்கியது. மெத்தைத் துணியில் சுருக்கம் இல்லாமல் விரிக்க, படுக்கையில் வைத்தே குளிப்பாட்ட, காயத்துக்கு மருந்து கட்ட, ஊசி போட, எல்லாம். ஒரு ஆளைக் குளிப்பாட்ட ஒரு மணித்தியாலம் தந்தார்கள். பரீட்சையும் அப்படித்தான் வைத்தார்கள். நியமனம் கிடைத்து முதல் இரவு ட்யூட்டிக்குப் போனால் கட்டிலெல்லாம் நிறைந்து தரையில் பாய் போட்டிருக்கிறது. நானும் இன்னொரு மிஸ்ஸியும். யாரிடம் முதலில் போவது என்று ஒரு பாடத்திலும் வரவில்லை.

அது டெங்குக் காலம். ஒரு பொடியனுக்கு மணிக்கு ஒரு தரம் பிரஷர் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். 100/80 வந்தது. மேல் எண் 100, கீழ் எண் 80, இரண்டும் நல்ல எண்தானே என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் சீனியர் அக்கா சார்ட்டைப் பார்த்து, அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் விரலை வைத்தா. "இடையில எவ்வளவு?" இருபது. டெங்குவில் அந்த இடைவெளி இருபதுக்கு இறங்கினால் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் குலைந்து பிள்ளை ஷொக்குக்குப் போகிறான் என்று அர்த்தம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று தாய் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் அந்த 24, 48 மணித்தியாலக் கண்டம் தொடங்கும். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். எழுதத் தெரிந்தது, கட்டிலடியில் நின்று பார்க்கத் தெரியவில்லை. உடனே டொக்டரைக் கூப்பிட்டோம். பொடியன் பிழைத்தான்.

அதனால் என் பதில்: பாதி தயார். மீதிப் பாதி உங்கள் மகளுக்கு முதல் ஆறு மாதம் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | சனி, காலை 6.05
இரவு_ட்யூட்டிக்கு: பிள்ளை, நீ சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்ள மாட்டேன். சுருக்கம் இல்லாமல் விரிப்பதைக் கேலியாகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அந்தச் சுருக்கத்தில்தான் படுக்கைப் புண் தொடங்குகிறது. பாரிசவாதம் வந்து கிடக்கிற கிழவியை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போடாமல், துணியையும் இழுத்து விடாமல் விட்டுப் பார். இடுப்பு எலும்பு தெரியும் வரைக்கும் புண் போகும். துணி விரிக்கப் பழக்குகிற சாட்டில் நாங்கள் பழக்குவது நோயாளியின் முதுகைப் பார்க்க.

நான் பயிற்சி எடுத்தது எண்பதுகளில். பிறகு படிப்பித்தும் இருக்கிறேன். கரண்ட் இல்லாத இரவுகளில் லாந்தர் பிடித்துத் தையல் போட்டிருக்கிறோம். ஊரடங்கு போட்டால் அடுத்த ஷிப்ட் வராது, நின்ற ஆளே நிற்க வேண்டும். அப்போது கை தானாக ஓடியது, ஏனென்றால் கல்லூரியில் அப்படி இறுக்கிப் பழக்கியிருந்தார்கள். 1860 இல் லண்டனில் நைட்டிங்கேல் அம்மையார் பள்ளிக்கூடம் தொடங்கியபோதும் முதலில் சொன்னது சுத்தம், ஒழுங்கு, கவனித்தல். இன்றைக்கும் அதற்கு மேல் போனதாக எனக்குத் தெரியவில்லை.

கொண்டையில் ஒரு மயிருக்கு ஏசுவது கொஞ்சம் கூடத்தான். நானும் ஏசியிருக்கிறேன்.

இரவு_ட்யூட்டி | சனி, மாலை 2.20
சிஸ்டர், கேலி இல்லை. என் பேச்சு அப்படி விழுந்திருந்தால் மன்னிக்க வேண்டும். நான் கேட்பது, அந்த இறுக்கத்தில் கொஞ்சத்தை ஏன் வேறு பக்கம் திருப்பக் கூடாது? கடைசி வருஷத்தில் ஒரு மாதம், மாணவிக்கு ஒரு ஆள் இல்லை, எட்டுப் பேரைக் கொடுங்கள். பின்னால் ஒரு சீனியர் நிற்கட்டும். யாரை முதலில் பார்த்தாய், ஏன் என்று மட்டும் கேட்கட்டும்.

சம்மாந்துறை_நானா | சனி, மாலை 4.48
ஆம்பிளை மிஸ்ஸி ஒருத்தன் பேசலாமா? (ஓம், எங்களையும் மிஸ்ஸி என்றுதான் சில கிழவர்கள் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது.)

நான் சொல்ல வந்தது பாஷை. அம்பாறை மாவட்டத்தில் கரையோரம் தமிழ், உள்ளுக்குப் போனால் சிங்களம். என் முதல் நியமனம் உள்ளுக்கு. ஒரு ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். எனக்கு விளங்கியது அவர் முகம் மட்டும்தான். வாட்டில் கூட்டிப் பெருக்குகிற அக்காதான் எனக்கு வாத்தியார். ரிதெனவா என்றால் வலி, கக்கியனவா என்றால் உளைவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பி இன்றைக்கும் இருக்கிறது.

இதில் பகிடி என்னவென்றால் எங்கள் தமிழுக்கும் கொப்பி வேண்டும். நோவை ஒன்றில் இருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொல்லிக் கேட்கப் பழக்கினார்கள். வயலில் இருந்து வந்த மனிசனிடம் கேட்டால், "குத்துளைவு மனே, மேலெல்லாம் விறைக்குது" என்பார். இது ஏழா எட்டா?

நோன்பு மாதம் இன்னொரு பாடம். சீனி வருத்தம் உள்ள உம்மாமார் டொக்டரிடம் சொல்ல மாட்டார்கள், மிஸ்ஸியிடமும் சொல்ல மாட்டார்கள், மறைவாக நோன்பு பிடித்துக்கொண்டு இன்சுலினும் வழக்கமான அளவே போடுவார்கள். பின்னேரம் அஸர் நேரத்தில் சீனி இறங்கி வேர்த்து விறுவிறுத்துக் கொண்டு வருவார்கள். நான் கிளினிக்கில் நோன்புக்கு ஒரு மாதம் முன்னமே கேட்டுவிடுவேன்: "உம்மா, இந்த முறை பிடிக்கிறீங்களா? பிடிக்கிறதென்றால் டொக்டரிட்ட கேட்டு ஊசியை மாத்துவோம்." பிடிக்காதே என்று சொன்னால் ஒளிப்பார்கள். இது எனக்கு எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. உம்மாவிடம் இருந்து வந்தது.

பட்டதாரி | சனி, இரவு 7.30
கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு இருப்பதை யாரும் இன்னும் சொல்லவில்லையே. சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம், நான்கு வருஷம். மகளுக்கு இசட் ஸ்கோர் அதற்கு எட்டுமா என்று பாருங்கள்.

வித்தியாசம் என்ன என்றால், எங்களுக்கு ஏன் என்று கேட்கவும், ஆய்வுக் கட்டுரை வாசிக்கவும் நேரம் தந்தார்கள். கடைசியில் நாங்களே ஒரு ஆய்வும் செய்தோம். குறை என்ன என்றால், தாதியர் கல்லூரியில் மூன்று வருஷ டிப்ளோமா படிக்கிற பிள்ளைகள் அளவுக்கு வாட்டில் நிற்கவில்லை. முதல் மாதம் "பட்டதாரிக்கு கனுலா (நரம்பில் ஏற்றுகிற ஊசிக்குழாய்) போடத் தெரியாது" என்று என் காதுபடவே சொன்னார்கள். முதல் மாதம் அது உண்மை. இப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாம்வருடம் | சனி, இரவு 7.41
நாங்கள் சொல்லவில்லை அக்கா. நினைத்தோம் 🙂

பட்டதாரி | சனி, இரவு 7.44
தெரியும்.

பெயர்_வேண்டாம் | சனி, இரவு 9.10
படிப்பு கடினம் என்கிறீர்களே, நான் [நீக்கப்பட்டது] இல் ஆறு மாதத்தில் தாதிப் பயிற்சி முடித்தேன். இப்போது தனியார் இடத்தில் வேலை. மூன்று வருஷம் ஏன் வீணாக்க வேண்டும்?

மட்டுறுத்துனர் | சனி, இரவு 9.32
நிறுவனப் பெயரை எடுத்துவிட்டேன். நல்லதோ கெட்டதோ, இந்த இழையில் வைத்தியசாலை, கல்லூரி பெயர் போட்டுக் குறை சொல்வதும் விளம்பரம் செய்வதும் வேண்டாம்.

இரவு_ட்யூட்டி | சனி, இரவு 11.58
பெயர்_வேண்டாம் தங்கச்சிக்கு: நீங்கள் செய்கிற வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. உதவியாளர் இல்லாமல் எந்த வாட்டும் ஓடாது. ஆனால் 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தாதியர் பேரவை என்று ஒன்று இருக்கிறது. அதில் பதிந்தவர்தான் தாதி. எந்தக் கோர்ஸுக்கும் காசு கட்ட முன்னம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முடித்தால் பேரவையில் பதியலாமா? வாயைச் சப்பினால் எழும்பி வந்துவிடுங்கள். பாதிப் பழக்கத்தோடு விட்டுவிட்டு, ஏதாவது பிழைத்தால் அந்தப் பிள்ளையின் தலையில்தான் கட்டுவார்கள்.

வெற்றிலைக்கொடிக்கு: அரசாங்கக் கல்லூரி என்றால் வர்த்தமானி பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். படிக்கிற காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. அது பெரிய காசு இல்லை, ஆனால் வீட்டுக்குப் பாரம் குறையும்.

வயல்காரன் | ஞாயிறு, காலை 10.25
நான் நோயாளி. இங்கே எழுதலாம்தானே? படுவான்கரையில் வயல். போன பெரும்போகத்தில் வரப்பில் நடக்கும்போது காலில் போட்டது. கண்ணாடி விரியன். எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியிடம் போ என்று சொல்ல ஆள் நிறைய. மச்சான் கேட்கவில்லை, மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

உடனே மாற்று மருந்து ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். ஒரு சின்ன மிஸ்ஸி வந்து இரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் வைத்துவிட்டு நேரம் பார்த்தா. மச்சான் அந்தக் குழாயை எடுத்துப் பார்க்கப் போனான். "தொடாதீங்க!" என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்ன உருவத்தில் இருந்து அந்தச் சத்தம். பிறகு குழாயைச் சரித்துப் பார்த்தா, தண்ணி மாதிரி ஓடியது. அப்புறம்தான் எல்லாரும் ஓடினார்கள். அது என்ன சோதனை?

இரவு_ட்யூட்டி | ஞாயிறு, மாலை 1.35
அதற்கு 20 நிமிஷ உறைதல் சோதனை என்று பெயர். புடையன், அதாவது உங்கள் கண்ணாடி விரியன், அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். புது இரத்தம் இரண்டு மில்லிலீற்றர் அளவு, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைக்க வேண்டும். சரித்தால் கட்டியாக நின்றால் நல்லது. ஓடினால் விஷம் வேலை செய்கிறது.

இதை ஏன் இங்கே விரித்துச் சொல்கிறேன் என்றால், கல்லூரியில் இது நாலு வரி. வாட்டில்தான் மிச்சம் விளங்கியது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் பொய் சொல்லும், ஏனென்றால் உறைவதைத் தூண்டுவதே கண்ணாடிதான். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும். உங்கள் மச்சான் ஆட்டியிருந்தாலும் பொய் சொல்லும். மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்து ஆள் சரியலாம், அதனால் அட்ரினலின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கட்டு விரியன் என்றால் கதையே வேறு. அது தரையில் படுத்திருப்பவனை இரவில் கடிக்கும், கடித்த இடம் பெரிதாக நோகாது, விடிய வயிற்றுவலி என்று வருவான். கண் இமை கீழே விழுகிறதா என்று பார்க்கத் தெரியாத மிஸ்ஸி அவனை ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) உட்கார வைத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நிற்கும். நெல்லு விளைகிற மாவட்டத்தில் இது நாலு வரியாக இருக்கக் கூடாது.

அந்தச் சின்ன மிஸ்ஸி சத்தம் போட்டது நல்லது.

லண்டன்_குளிர் | ஞாயிறு, இரவு 8.02
வெளியே இருந்து ஒரு குரல். நான் கிழக்கில் படித்து, அங்கே சில வருஷம் வேலை செய்து, 2022 நெருக்கடிக்குப் பிறகு இங்கே வந்தவள். இங்கே பதிவு எடுக்க கணினிப் பரீட்சை ஒன்று, ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை ஒன்று. இங்கிலீஷ் பரீட்சை தனி. ஓஸ்கியில் என் கைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. குறை வாயில். செய்வதை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நோயாளியாக நடிக்கிற ஆளிடம் "இதைச் செய்யலாமா" என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். நான் பழகியது பேசாமல் சுத்தமாகச் செய்ய.

வேலைக்கு வந்த முதல் மாதம் ஒரு டொக்டர் என்னிடம், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் கல்லூரி கடுமையாக இருந்தது உண்மை. அந்தக் கடுமையில் பாதி, கேள்வி கேட்காமல் இருக்கப் பழக்குவதற்குப் போனது.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | திங்கள், காலை 5.50
லண்டன் பிள்ளைக்கு: வாய் இல்லாமல் நாங்கள் இத்தனை வருஷம் வாட்டு நடத்தினோம் என்று நினைக்காதே. டொக்டர் பிழையான அளவு எழுதினால், "சேர், இது எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்போம். அவரே பார்த்துத் திருத்துவார். அதுவும் பேச்சுத்தான்.

லண்டன்_குளிர் | திங்கள், மாலை 3.15
சிஸ்டர், அது உங்களுக்கு முடிந்தது, இருபது வருஷ அனுபவத்தோடு. நான் மாணவியாக இருந்தபோது ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். ஊசி மாறிப் போகிறது என்று தெரிந்தும் வாய் வரவில்லை. ஏற்றப் போகிற நேரத்தில் நோயாளியே, "எனக்குக் காலையில போட்டாச்சே" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால்? சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தும் எனக்கு நித்திரையிலும் தெரியும். "நில்லுங்கள் அக்கா" என்று சொல்ல மட்டும் யாரும் பழக்கவில்லை.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | திங்கள், இரவு 9.40
இதை இரண்டு தரம் வாசித்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று தெரியவில்லை. நீ சொல்வது சரி, பிள்ளை.

வெற்றிலைக்கொடி | செவ்வாய், காலை 7.20
எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு எல்லாவற்றையும் வாசிக்கக் கொடுத்தேன். பாம்புக் கதையை மூன்று தரம் வாசித்தாள். பயந்துவிட்டாள் என்று பார்த்தால் குழாய் ஏன் கண்ணாடி என்று என்னிடம் கேட்கிறாள். நான் வெற்றிலைக்காரன், எனக்கு என்ன தெரியும். கணக்குக்குத்தான் பயப்படுகிறாள். மருந்துக் கணக்கு நிறைய வருமா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | செவ்வாய், காலை 8.05
வரும். பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஐந்தாம் வகுப்புப் பெருக்கல், பிரித்தல்தான். பயம் எண்ணில் இல்லை, களைத்துப் போய் விடியப்புறம் 3 மணிக்கு அதைச் செய்வதில். மகளிடம் இதைக் கொடுங்கள்: 500 மில்லிலீற்றர் சேலைன், 8 மணித்தியாலத்தில் ஏற்றி முடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?

மூன்றாம்வருடம் | செவ்வாய், காலை 8.09
21!

சம்மாந்துறை_நானா | செவ்வாய், காலை 8.31
21. சரியாகச் சொன்னால் 20.8, ஆனால் அரைச் சொட்டு விழாதே.

வயல்காரன் | செவ்வாய், காலை 9.00
எனக்கு ஏற்றியபோது யாரும் எண்ணினார்களா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

வெற்றிலைக்கொடி | செவ்வாய், மாலை 5.45
வணக்கம். நான் மகள், அப்பாவின் போனில் எழுதுகிறேன். நெட்டில் தேடிப் பார்த்தேன். சேலைன் ஏற்றுகிற குழாய்ச் செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 சொட்டு விழுகிற செட்டும் இருக்கிறதாம், 60 விழுகிற சின்னப் பிள்ளைகளுக்கான செட்டும் இருக்கிறதாம். 20 என்றால் 21 சொட்டு. 60 என்றால் 62, 63. சிஸ்டர், எந்தச் செட் என்று நீங்கள் சொல்லவில்லையே?

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | செவ்வாய், மாலை 6.02
சொல்லவில்லைத்தான். மூன்றாம்வருடம், நானா, இரண்டு பேரும் பாருங்கள்.

மூன்றாம்வருடம் | செவ்வாய், மாலை 6.10
ஐயோ சிஸ்டர்.

இரவு_ட்யூட்டி | செவ்வாய், மாலை 6.48
ட்யூட்டிக்குப் போக முன்னம் ஒரு வரி. தங்கச்சி, வெள்ளைச் சப்பாத்து வாங்கும்போது உன் அளவை விட அரை சைஸ் கூட வாங்கு. இரவு 7 இல் இருந்து விடிய 7 வரைக்கும் நின்றால் கால் வீங்கும்.